மணல்குப்பம் என்று எழுதப்பட்ட ஊர்

போன மாதம் நான் வேலை பார்த்த பல்கலைக்கழக நூலகத்திலிருந்து ஒரு போன் வந்தது. பேசியது திவ்யா. நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்த பெண். பழைய ஆய்வேடுகளை எல்லாம் ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றுகிறார்களாம்.

"மேடம், ஸ்கேன் பண்ற கம்பெனிக்காரங்க ஒரு சந்தேகம் கேக்குறாங்க. ஆரம்பத்துல நன்றியுரைன்னு ரெண்டு மூணு பக்கம் வருதே, அதெல்லாம் வேணுமா, விட்டுடலாமான்னு. ஆராய்ச்சிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லைங்கிறாங்க."

"ஒரு பக்கம்கூட விடாதீங்க" என்றேன்.

"ஏன் மேடம்?"

போனில் சொல்லி முடிகிற காரியமில்லை, எழுதித் தருகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் நன்றியுரையோடு நிற்கவில்லை.

நூலக அறிவியலில் ஒரு சான்றிதழ்ப் படிப்பு முடித்துவிட்டு, தாம்பரத்திலிருந்து தினமும் பஸ் ஏறிப் போய் உதவியாளராகச் சேர்ந்தேன். முதல் ஏழெட்டு வருடம் புத்தக முதுகில் எண் ஒட்டியதும், மாணவர்கள் இடம் மாற்றி வைத்ததைத் திரும்ப அடுக்கியதும்தான் வேலை. அதில் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு என்னை மூன்றாவது மாடிக்கு, ஆய்வேட்டுப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன்.

ஆய்வேடு என்றால் முனைவர் பட்டத்துக்காக எழுதுவது. தீசிஸ் என்றுதான் எல்லோரும் சொல்வோம். கறுப்பு ரெக்ஸின் அட்டை, தங்க எழுத்து. ஒன்று வந்து சேர்ந்தால் முதலில் பக்கம் பக்கமாகப் புரட்டி, விடுபட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்னட்டையின் உள்பக்கம் உறை இருந்தால் அதற்குள் வரைபடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தலைப்புப் பக்கத்தில் ஒரு முத்திரை. உள்ளே எங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு பக்கத்தில் இன்னொரு முத்திரை, யாராவது தலைப்புப் பக்கத்தைக் கிழித்தாலும் எங்கள் புத்தகம்தான் என்று நிரூபிக்க. அப்புறம் பதிவேட்டில் வரிசை எண், தேதி, பெயர், துறை, தலைப்பு. அத்தோடு இரும்பு அலமாரிக்குள் போய்விடும். பெரும்பாலானவற்றை அதன்பின் யாரும் கேட்டதில்லை.

எனக்கு மட்டும் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. பக்கம் சரிபார்க்கும்போது நன்றியுரையைப் படிப்பேன். ஆய்வுக்குள் இருக்கும் ஆங்கிலம் எனக்கு எட்டாது. நன்றியுரையின் ஆங்கிலம் எட்டும். முதலில் கைடு, பிறகு துறைத் தலைவர், பெற்றோர், கணவர் அல்லது மனைவி, கடைசியில் டைப் அடித்துக் கொடுத்தவர். யாரைப் பற்றி ஆராய்ச்சி செய்தார்களோ அவர்கள் வந்தால் ஒரு வரியில் வருவார்கள். அந்த ஒரு வரியில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்பதில் எனக்கு ஆர்வம்.

நூலகர் ஞானசேகரன் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலை ஒன்பது பத்துக்கு வருவார். மேஜையைத் தானே துடைப்பார். ஆய்வேட்டைத் தொடுவதற்கு முன் கை கழுவி, கைக்குட்டையால் விரல் இடுக்கெல்லாம் ஈரம் போகத் துடைத்துக்கொள்வார். நூலகத்துக்குள் பேனாவைத் திறக்க மாட்டார், பென்சில்தான். யார் என்ன கேட்டாலும் முடியும், முடியாது என்று உடனே சொல்ல மாட்டார். "விதியை எடுங்க" என்பார். பச்சை அட்டை போட்ட விதிப் புத்தகத்தைக் கொண்டுபோய் வைப்போம். சம்பந்தப்பட்ட விதியை இரண்டு முறை வாய்விட்டுப் படிப்பார். ஒரு முறை இயல்பாக, இன்னொரு முறை ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி. அநேகமாக அந்த இரண்டாவது முறையில் கேட்டவர் நம்பிக்கை இழந்து போய்விடுவார். இல்லை என்று சொல்வதற்கு அவர் கண்டுபிடித்த வழி அது என்றே நாங்கள் வருடக்கணக்கில் நினைத்துக்கொண்டிருந்தோம்.

நான் ஓய்வு பெறுவதற்கு ஆறு வருடம் முன்னால் நடந்தது இது.

எங்கள் வீடு ராஜகீழ்ப்பாக்கத்தில். ஞாயிற்றுக்கிழமைகளில் கன்னியம்மா என்று ஒரு பெண் மீன் கொண்டு வருவாள். கோவளம் பக்கத்தில் புன்னைமேட்டுக் குப்பத்துக்காரி. விடியற்காலை கரையில் எடுத்த மீனை அலுமினியக் கூடையில் போட்டு பஸ் ஏறி, மேடவாக்கம் வழியாக எங்கள் தெருக்களுக்கு வந்துவிடுவாள். கேட் ஓரம் உட்கார்ந்து சங்கரா மீனைச் செதில் எடுத்துக்கொண்டிருந்தவள் அன்றைக்குக் கேட்டாள்:

"அக்கா, நீ புக்கு வெக்கிற காலேஜிலதான வேல செய்ற?"

"ஆமாம். ஏன்?"

"எங்கூரப் பத்தி ஒரு பொண்ணு புக்கு எழுதிச்சி. காலேஜில குடுக்கணும்னு எழுதிச்சி. அது உங்காண்ட கீதா?"

அரிவாள்மணையைத் தள்ளி வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள். அவர்கள் ஊருக்கு வடக்கே நீளமாக ஒரு மணல்வெளி இருக்கிறது. கரைவலை இழுப்பது அங்கேதான். கடலில் வளைத்துப் போட்ட பெரிய வலையை இரண்டு பக்கமும் ஆள் நின்று கரைக்கு இழுப்பார்கள். அதற்குத் தடங்கல் இல்லாத நீண்ட மணல் வேண்டும். கருவாடு காய்வதும் அங்கேதான். அந்த மணலில் ஒரு கம்பெனி கல் நட்டு வேலி போட்டுவிட்டது. அதே நேரத்தில் தாலுகா ஆபீசில் கடற்கரைக்கு வரைபடம் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். எது மீனவர்கள் பொதுவில் புழங்கும் இடம், எது காலி இடம் என்று பிரித்துப் போடும் வரைபடம். அதில் வடக்கு மணல் காலி இடம் என்று வந்திருந்தது.

"நாங்க வல இழுக்குற எடம் சார்னு சொன்னோம். எழுத்துல இன்னா கீதுன்னு கேக்குறாரு ஆபீசரு. எங்களுக்கு எழுத்துல இன்னா கீது? அப்பதான் ஞாபகம் வந்துச்சி. அந்தக்கா எல்லாத்தியும் எழுதிகினு போச்சே. கவுறு புட்ச்சி மணலக்கூட அளந்துச்சி."

"அவங்க பேர் என்ன?"

"சுபாவோ சுதாவோ. நாங்க நோட்டக்கான்னுதான் கூப்புடுவோம். எப்பப் பாரு கையில நோட்டு. என் பெரிய பொண்ணு பொறந்த மழைக்கு எங்க வூட்லதான் தங்கிச்சி. அவளுக்கே இப்ப ஸ்கூல் போற புள்ள கீது."

விசாரணைக்கு ஒரு மாதம்தான் இருந்தது.

மறுநாள் பதிவேடுகளை எடுத்தேன். கன்னியம்மா மகளின் வயதை வைத்து, முன்பின்னாக ஐந்து வருடம் பிடித்துக்கொண்டேன். மானிடவியல், சமூகவியல், பொருளாதாரம், புவியியல் என நான்கு துறைகள். தலைப்புகளில் புன்னைமேட்டுக் குப்பம் எங்கும் இல்லை. 'ஒரு கடலோரக் கிராமம்', 'மீன்பிடிச் சமூகம் ஒன்றில்' என்று பதினொரு ஆய்வேடுகள் கிடைத்தன. ஆசிரியர் பெயர்களில் இரண்டு சுதா, ஒரு சுபாஷிணி, ஒரு சுபத்ரா. உள்ளே புரட்டினால் ஊர்ப் பெயர்கள் எதுவும் நான் கேள்விப்பட்டதாக இல்லை.

எனக்குத் தெரிந்த வழியிலேயே போனேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பதினொன்றின் நன்றியுரைகளையும் ஒவ்வொன்றாகப் படித்தேன். நான்காவது நாள், சுபத்ரா எழுதிய ஆய்வேட்டில், கைடுக்கும் பெற்றோருக்கும் கீழே இந்த வரி இருந்தது: 'அந்த மழைக்காலத்தில் தானே பிள்ளை பெற்றுப் படுத்திருந்தபோதும் எனக்கு ஒரு பாய் விரித்துத் தந்த க.வுக்கு.'

திரும்பத் திரும்பப் படித்தேன். பின்னட்டை உறையில் கைவிட்டால் மடித்த காகிதம் ஒன்று இருந்தது. விரித்தேன். மையில் கையால் வரைந்த கடற்கரை. வீடுகள், கோயில், கிணறு. வடக்கே நீள மணலில் இத்தனை கயிறு நீளம் என்று அளவு குறித்து, வலை இழுக்கும் இடம், கருவாடு காயும் இடம் என்று தனித்தனியாகக் கோடு போட்டிருந்தது.

அந்த வாரமே கன்னியம்மாவை வரச் சொன்னேன். கூடை இல்லாமல், துவைத்த புடவையில் வந்திருந்தாள். வாசலில் காவலர் நிறுத்திவிட்டார். வெளியாள் உள்ளே வர கல்லூரிக் கடிதமோ அதிகாரி கையெழுத்தோ வேண்டும். வேறு வழியில்லாமல் ஞானசேகரன் சாரிடம் போய் முழுக்கதையையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, "விதியை எடுங்க" என்றார்.

எனக்கு மனம் விட்டுப்போயிற்று. கன்னியம்மாவை அவர் அறைக்கே கூட்டிவரச் சொன்னார். அவள் எதிரிலேயே விதியை இரண்டு முறை படித்தார். 'உண்மையான தேவையுள்ள எந்த வாசகரும், நூலகர் அனுமதியுடன், ஆய்வேட்டை உள்ளே இருந்தபடி பார்வையிடலாம்.'

"யாரும்மா படிக்கப் போறது?" என்று கேட்டார்.

"எனக்குப் படிக்கத் தெரியாது சார். கையெழுத்து மட்டும் போடுவேன். எனக்குப் பாக்கணும்."

சார் விதிப் புத்தகத்தை மீண்டும் பார்த்தார். "பார்வையிடலாம்னுதான் இருக்கு. வாசகர்னா படிக்கத் தெரிஞ்சவர்னு எங்கேயும் போடலை" என்று சொல்லி, பென்சிலால் அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். விதியை அவர் இரண்டாம் முறை படிப்பது எதற்கு என்று எனக்கு அன்றுதான் புரிந்தது. அதற்குள் ஏதாவது வழி இருக்கிறதா என்று தேடுவதற்கு.

பதிவேட்டில் நோக்கம் என்று ஒரு கட்டம் உண்டு. என்ன எழுதட்டும் என்று கேட்டேன். "எங்கூரு அதுல கீதான்னு பாக்கன்னு எழுது" என்றாள். அப்படியே எழுதினேன்.

மேஜையில் வரைபடத்தை விரித்தோம். ஒரு நிமிடம் சும்மா பார்த்தாள். பிறகு காகிதத்தைத் தானாகவே திருப்பி, கடல் தன் வலதுகைப் பக்கம் வருமாறு வைத்துக்கொண்டாள். விரல் போக ஆரம்பித்தது. "தோ எங்க வூடு. இது கங்கையம்மன் கோயிலு. இங்க கெணறு ஒண்ணு போட்டுகீது, ரெண்டு கெணறு அது. நோட்டக்கா ஒண்ண வுட்டுட்ச்சி." வடக்கு மணலுக்கு வந்ததும் விரல் நின்றது. "கீது" என்றாள்.

எழுத்தில் கிடைத்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். அதை சார் அன்று மாலையே கலைத்தார்.

"முதல் அத்தியாயத்துல அடிக்குறிப்பைப் பாத்தீங்களா?" என்றார். நான் பார்க்கவில்லை. ஆராய்ச்சியில் பங்கெடுத்தவர்களின் நலன் கருதி ஊர்ப் பெயர் மாற்றப்பட்டும் ஆட்களின் பெயர்கள் முதலெழுத்தாகச் சுருக்கப்பட்டும் உள்ளன என்று அதில் இருந்தது. ஆய்வேடு முழுக்க அந்த ஊருக்கு மணல்குப்பம் என்றுதான் பெயர். வரைபடத்தின் தலைப்பும் அதுவே.

"இது நம்ம நூலகத்துல இருக்கிற ஆய்வேட்டோட உண்மை நகல்னு நான் சான்று தர முடியும். மணல்குப்பம்தான் புன்னைமேட்டுக் குப்பம்னு நான் எப்படித் தர முடியும்? அந்த மணல்குப்பம் வேற எங்கேயோ இருக்குன்னு எதிர்த்தரப்பு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். எழுதினவங்கதான் சொல்லணும். அதுவும் இல்லாம ஆசிரியர் அனுமதி இல்லாம முழு வரைபடத்தையும் நகல் எடுக்கக் கூடாது."

அந்த மக்களுக்குக் கெடுதல் வந்துவிடக் கூடாதே என்றுதான் பெயரை மறைத்திருக்கிறார்கள். அந்த மறைப்பே இப்போது அவர்கள் கையைக் கட்டிப் போட்டிருந்தது. அதை நினைத்தபடியே பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன்.

சுபத்ராவின் பழைய வாசகர் அட்டை பழைய பெட்டியில் கிடைத்தது. குரோம்பேட்டை முகவரி. அந்த வீட்டில் இப்போது வேறு குடும்பம். பக்கத்து வீட்டு மாமி போன் நம்பர் கொடுத்தார். பட்டம் வாங்கிய பிறகு பல்கலைக்கழகத்தில் வேலை அமையாமல், சுபத்ரா ஒரு வங்கியில் சேர்ந்து அதிகாரியாகியிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் முதலில், "கன்னியம்மா நல்லா இருக்காளா?" என்று கேட்டார். சனிக்கிழமை வரச் சொன்னார்.

அதற்கு முதல் நாள் சார் என்னைக் கூப்பிட்டார். மேஜையில் அந்த ஆய்வேடு. இரண்டு நாளாக அதை முழுவதும் படித்திருக்கிறார்.

"நாலாவது அத்தியாயம் படிச்சீங்களா?"

"இல்லை சார். எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் போதாது."

அவர் தமிழில் சொன்னார். அந்த வருடம் ஊர்த் தலைவர் ஒருவர், பெயர் ஏ. என்று மட்டும் இருக்கிறது, ஊரைக் கேட்காமல் வடக்கு மணலில் ஒரு துண்டை இறால் பண்ணைக்காரர் ஒருவருக்கு விட்டுக் கொடுத்துக் கைநாட்டு வைத்திருக்கிறார். விஷயம் தெரிந்ததும் ஊர் கூடி அந்த ஏற்பாட்டைக் கலைத்து, அவர் குடும்பத்தை ஒரு பருவம் முழுக்கக் கரைவலையில் சேர்க்காமல் தள்ளி வைத்திருக்கிறது. அந்தத் தலைவரின் மருமகள்தான் க.

"தலைவரே எழுதிக் குடுத்த இடம்தானேன்னு கம்பெனி சொல்லலாம். இந்த அத்தியாயத்தை விட்டுட்டு வரைபடத்துக்கு மட்டும் சான்று தர என்னால முடியாது. குடுத்தா முழுசாக் குடுப்பேன்."

"இதை கன்னியம்மாகிட்ட நான் சொல்லணுமா சார்?"

சார் கண்ணாடியைக் கழற்றினார். "எழுதினவங்க சொல்லட்டும்" என்றார்.

சனிக்கிழமை ஜி.எஸ்.டி. ரோட்டில் இறங்கி நானும் கன்னியம்மாவும் நடந்தோம். கதவைத் திறந்த சுபத்ரா கன்னியம்மாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். "நோட்டக்கா, தல நரச்சிட்ச்சே" என்று இவள் சிரித்தாள். பரண்மேலிருந்து ஒரு டிரங்குப் பெட்டி ஏற்கனவே இறங்கியிருந்தது. உள்ளே நோட்டுப் புத்தகங்கள். பெரிய மகள் பிறந்த தேதிகூட ஒன்றில் இருந்தது. அரை மணி நேரம் இருவரும் செத்தவர்கள், இருப்பவர்கள் என்று ஊரையே பேசித் தீர்த்தார்கள்.

பிறகு நான் விசாரணையைப் பற்றி எடுத்தேன். சுபத்ரா முகம் மாறியது.

"ஊர்ப் பேர் வெளியில வராதுன்னு நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

"யாருக்குக் குடுத்த? எங்களுக்குத்தான? நாங்களே வோணாம்னு சொல்றோம், வுட்ரு" என்றாள் கன்னியம்மா.

சுபத்ரா என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும் என்பது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். தரையைப் பார்த்தபடி நாலாவது அத்தியாயத்தைச் சொன்னார். கன்னியம்மாவின் மாமனார் ஏழுமலையின் பெயரைச் சொன்னார். கைநாட்டைச் சொன்னார். ஊர் தள்ளி வைத்ததைச் சொன்னார்.

கன்னியம்மா டிரங்குப் பெட்டியின் மூடியைச் சாத்தினாள்.

"அந்த வருசம் எங்கூட்டுக்காரன வலைக்கு சேத்துக்கல. ஏன்யான்னு கேட்டா, ஒடம்பு செரியில்லன்னுவான். புதுசா வந்த மருமவன்னு ஊர்லயும் யாரும் எங்கிட்ட வாயத் தொறக்கல. மாமனாரு வூட்ட வுட்டு வெளிய வரல. வயித்துல புள்ளய வெச்சிகினு கஞ்சிக்கு வழியில்லாம கெடந்தேன். என் ராசிதான் ஆவலன்னு மாமியாரு சொல்லிச்சி. நானும் அப்டித்தான் நெனச்சிகினு கீறேன், இத்தினி வருசமா." சுபத்ரா பக்கம் திரும்பி, "ஒனக்குத் தெரியுமா அப்பவே?" என்றாள்.

"தெரியும்."

"எங்க வூட்லயே துன்னுகினு, எங்கூடவே படுத்துகினு, எனக்கு ஒரு வார்த்த சொல்லல நீ."

"அதை உன்கிட்ட சொல்ற விஷயமா எனக்குத் தோணலை கன்னியம்மா" என்றார் சுபத்ரா. "எழுதுற விஷயமா மட்டும்தான் தோணிச்சு."

கொண்டுவந்த காப்பியைத் தொடாமல் கன்னியம்மா எழுந்துவிட்டாள். பஸ் ஸ்டாப்வரை கூடவே நடந்தேன். பஸ் வந்தது, ஏறிக்கொண்டாள். இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அவள் வீட்டு மானத்தை ஊர்முன் விரிக்கச் சொல்ல நான் யார்?

மூன்றாம் நாள் போன் வந்தது. "நாயித்துக்கெழம ஊர்க் கூட்டம். அந்தக்காவக் கூட்டிகினு வா. புக்க முழுசாப் படிக்கணும்."

கடலோரம் வலை வைக்கும் கொட்டகையில் கூட்டம். சுபத்ரா ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போனார். தங்கள் அப்பா, தாத்தா காலத்துப் பேச்செல்லாம் அதில் வருவதைக் கேட்டு முதலில் எல்லோரும் ரசித்தார்கள். நாலாவது அத்தியாயம் வந்ததும் கொட்டகை அடங்கிவிட்டது. முடிந்ததும் கன்னியம்மாவின் கணவர் சேகர் எழுந்தார்.

"செத்துப்போன எங்கப்பன் பேர தாலுகா ஆபீசுல போயி நாறடிக்கணுமா? வோணாம். வேற ஆதாரம் தேடிக்கலாம்."

"இன்னா ஆதாரம் கீது ஒங்கிட்ட?" என்றது ஒரு குரல். "தலைவரே கைநாட்டு வெச்சிட்டாருன்னு கம்பெனிக்காரன் இத்தையே புட்ச்சிக்குவான்" என்றது இன்னொன்று. ஆளுக்கு ஒன்றாகப் பேசினார்கள். சுபத்ரா தாள்களை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

பெண்கள் பக்கத்திலிருந்து கன்னியம்மா எழுந்து நின்றாள்.

"நான் ஒரு வாரமா ரோசன பண்ணிகினு கீறேன். மாமனாரு பண்ணது தப்புன்னு ஊரு அவர ஒதுக்கி வெச்சிச்சி இல்ல? ஏன் வெச்சிச்சி? அது அவரு வூட்டு எடம்னா ஊருக்கு இன்னா வந்துச்சி? ஊரு எடம், அதனாலதான் வெச்சிச்சி. நான் பட்டினி கெடந்ததே அந்த மணலு எல்லாருக்கும் பொதுங்கறதாலதான். அத்த ஏன் மறைக்கணும்? இருந்தத இருந்தாமாரி குடுங்க."

நூலகத்தில் எத்தனையோ பேராசிரியர்கள் வாதம் செய்து கேட்டிருக்கிறேன். எங்களில் மெத்தப் படித்த ஞானசேகரன் சார் உட்பட, எல்லோரும் பலவீனம் என்று பார்த்த இடத்தை இவள் பலமாகப் பார்த்துவிட்டாள். சேகர் மணலில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, குடுங்க" என்றார்.

சுபத்ரா, மணல்குப்பம் என்று தான் எழுதியது புன்னைமேட்டுக் குப்பமே என்று உறுதிமொழிப் பத்திரமும், நகல் எடுக்க அனுமதிக் கடிதமும் எழுதிக் கொடுத்தார். சார் ஆய்வேடு முழுவதையும் நகல் எடுக்க வைத்து, ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை போடச் சொன்னார். நானும் அவரும் இரண்டு நாள் அதைச் செய்தோம். கடைசிப் பக்கத்தில் கையெழுத்திட அன்றுதான் முதல் முறையாக நூலகத்துக்குள் பேனாவைத் திறந்தார்.

விசாரணை அன்று அதிகாரி வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். கம்பெனி வக்கீல் எதிர்பார்த்தபடியே கைநாட்டைக் கிளப்பினார். கன்னியம்மா கொட்டகையில் சொன்னதையே அங்கும் சொன்னாள். அதிகாரி அதை எழுதிக்கொள்ளச் சொன்னார். சில மாதம் கழித்து வந்த வரைபடத்தில் வடக்கு மணல் மீனவர் பொதுப் பயன்பாடு என்று இருந்தது. வேலியை எடுக்க மேலும் ஒரு வருடம் அலைந்தார்கள். எடுத்தார்கள்.

முழுதும் கிடைக்கவில்லை. மணலின் வடகோடியில் ஒரு பகுதி காலி இடமாகவே நின்றுவிட்டது. சுபத்ராவிடம் கேட்டேன். "அன்னிக்கு மழை பிடிச்சுக்கிச்சு. மீதியை அப்புறம் அளக்கலாம்னு கயிறைச் சுருட்டிட்டேன். அப்புறம் அளக்கவே இல்லை" என்றார். அங்கே இப்போது மதில் இருக்கிறது. பட்டம் வாங்க அந்த அளவு போதுமானதாக இருந்தது. ஊருக்குப் போதவில்லை.

சார் ஓய்வு பெறுமுன் ஒரு விதி எழுதி மேலே அனுப்பினார். எந்த ஊரை, எந்த மக்களைப் பற்றி ஆராய்ச்சி செய்தாலும், தமிழில் ஒரு சுருக்கம் எழுதி அவர்களிடம் கொடுத்துவிட்டு, கொடுத்ததற்கு அவர்கள் கையெழுத்தும் வாங்கி வர வேண்டும் என்று. குழு அதைக் கட்டாயமாக்கவில்லை. 'வரவேற்கத்தக்கது' என்று போட்டுத் திருப்பி அனுப்பியது. நான் என்னால் முடிந்ததைச் செய்தேன். ஆய்வேடு கொண்டுவரும் ஒவ்வொருவரிடமும், "இதை இன்னும் யாருக்குக் குடுக்கப் போறீங்க?" என்று கேட்பேன். சிலர் சிரிப்பார்கள். நின்று யோசித்தவர்களும் உண்டு. செங்கல் சூளைப் பெண்களின் முதுகுவலியைப் பற்றி எழுதிய ஒரு பெண் படப்பைப் பக்கம் திரும்பிப் போய், அவர்களை உட்கார வைத்துப் படித்துக் காட்டிவிட்டு வந்தாள். இரண்டு இடத்தில் அவர்கள் தன்னைத் திருத்தினார்கள் என்று என்னிடம் வந்து சொன்னாள்.

விசாரணை முடிந்ததுமே சுபத்ரா வங்கியில் விடுப்புப் போட்டு, ஆய்வேட்டைத் தமிழாக்கத் தொடங்கி, நாலாவது அத்தியாயத்தை முதலில் எழுதினார். விசாரணை நாளில்கூடக் கன்னியம்மா அவரிடம் முகம் கொடுத்துப் பேசியிருக்கவில்லை. எழுதியதை எடுத்துக்கொண்டு நானும் அவரும் ஒரு மத்தியானம் குப்பத்துக்குப் போனோம். கன்னியம்மா வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பெரிய மகள் தாள்களை வாங்கி, வாசற்படியில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தாள். தான் பிறந்த மழையைப் பற்றிய பக்கம் வந்தபோது அவள் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. கன்னியம்மா கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கடைசிவரை கேட்டாள்.

படித்து முடித்ததும் கையைத் தட்டிவிட்டு வந்து சுபத்ராவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"ஒண்ணு வுட்டுட்ட."

"என்ன?"

"எங்க வூட்ல நீ துன்ன நாள்ல எல்லாம் நான் துன்னல. வந்தவளுக்கு இல்லன்னு சொல்லக் கூடாதுன்னு உனக்குப் போட்டுட்டு, எனக்கு ஆச்சின்னு சொல்லுவேன். அத்தையும் எழுது."

சுபத்ரா பையிலிருந்து பேனாவை எடுத்து, அந்தப் பக்கத்தின் ஓரத்திலேயே எழுதினார்.

"படி" என்றாள் கன்னியம்மா.

சுபத்ரா படித்தார்.

"இப்ப செரி" என்றாள்.